பதினெட்டு லட்சம் பேர் பார்த்த அழுகை

வெண்குடை மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோர் இருபத்து மூன்று இடங்களில் கையெழுத்துப் போட வேண்டும். 'சமூக ஊடக ஒழுங்கு நெறிமுறை' என்ற புத்தகத்தில் இருபத்து மூன்று பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிற பூமாலை, மகள் ஜெயசுதாவைப் பிளஸ் ஒன் சேர்த்த அன்று எட்டாவது பக்கத்தில் பேனாவை நிறுத்தி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தனி வரிசை என்றும், அந்த வரிசை நாளை மறுநாள்தான் நகரும் என்றும் அலுவலகத்து அம்மா சொன்னார். பூமாலை மீதிப் பக்கங்களையும் ஒரே மூச்சில் முடித்தார்.

நெறிமுறை ஒன்றும் கடினமானதல்ல. பள்ளி வளாகத்தில் மாணவர் கைபேசி வைத்திருக்கக் கூடாது. ஆசிரியரும் வைத்திருக்கக் கூடாது. சீருடையோடு எந்த மாணவரும் சமூக ஊடகத்தில் தென்படக் கூடாது. வீட்டுப்பாடம் மட்டும் தினமும் மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும்.

ஜூலையில் ஒரு நாள் அப்படி வந்த உயிரியல் படம் ஒன்றை அச்செடுத்து இரண்டு நாளில் ஒட்டிவரச் சொல்லியிருந்தார்கள். பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெயசுதா அப்பாவின் போனைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். வாசலிலேயே பிடித்துவிட்டார்கள்.

பிடிபட்ட போனுக்கு வெண்குடையில் ஒரு முறை இருக்கிறது. அதைத் தாம்பாளத்தில் வைத்து, கொண்டுவந்த பிள்ளையே இரண்டு கையாலும் ஏந்தி, காலைப் பிரார்த்தனை முடிகிறவரை எல்லா வரிசைகளையும் சுற்றி வர வேண்டும். பிறகு போன் தாளாளர் அறையின் இரும்பு அலமாரிக்குப் போகும். ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் வெளியே வரும்.

சிம்மையாவது தரும்படி பூமாலை போய்க் கேட்டார். மரவள்ளி ஏற்றுகிற லாரிக்காரர்கள் அந்த எண்ணில்தான் கூப்பிடுவார்கள். தாளாளர் அறிவுச்செல்வன் கோபப்படாமல் விளக்கினார்.

"போன் வெறும் டப்பாங்க. குத்தம் பண்றது சிம்மு. குத்தவாளிய வெளிய வுட்டுட்டு டப்பாவ மட்டும் உள்ள வெச்சா ஊர் சிரிக்காதா?"

ஊர் சிரிக்கக் கூடாது என்றுதான் பூமாலைக்கும் பட்டது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்துல் ஜப்பார் கடையில் ஒரு பட்டன் போனும் புது சிம்மும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

செப்டம்பரில் வெள்ளிமலையில் 'மனம் திறப்போம்' என்ற முகாம் நடந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகள் மூன்று பஸ்களில் மலை ஏறினார்கள். வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். மேலே சாமைக் கொல்லைகள் பச்சையும் மஞ்சளுமாக இருந்தன; அதைப் பார்க்க நேரம் ஒதுக்கப்படவில்லை. ஒரு மண்டபத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார்கள். சேலத்திலிருந்து வந்திருந்த ஊக்கப் பேச்சாளர் வயலின் இசையை ஓடவிட்டு, அவரவர் பெற்றோருக்குச் செய்த துரோகத்தை ஒவ்வொருவராக வந்து மைக்கில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். முதல் மூன்று பேர் வகுப்புக்கு மட்டம் போட்டதைச் சொன்னார்கள். பேச்சாளர் வயலின் சத்தத்தைக் கூட்டினார். நாலாவதாக ஜெயசுதா வந்தாள்.

"எங்கப்பா வி.ஏ.ஓ.ன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன். வி.ஏ.ஓ. இல்ல. மரவள்ளி புடுங்குறாரு. ஒரு நாள் ஸ்கூலுக்கு வந்தாரு. யாருடின்னு கேட்டாங்க. எங்க வூட்டுல வேல செய்ற ஆளுன்னு சொல்லிட்டேன்."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. பேச்சாளர் விழாமல் பிடித்துக்கொண்டார், முகம் கேமராவைப் பார்த்தபடி இருக்கும் விதமாக.

மலை இறங்கி டவர் கிடைத்ததும் அந்த ஒன்றரை நிமிடம் பள்ளியின் சமூக ஊடகப் பக்கத்தில் ஏறியது. கடைசியில், 'பண்பை விதைக்கிறோம், சேர்க்கை நடைபெறுகிறது' என்ற வரியும் தொலைபேசி எண்ணும் வந்தன. ஒரு வாரத்தில் பதினெட்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் அவள் அழுகைக்குக் குத்துப்பாட்டு சேர்த்தார். இன்னொருவர் அவள் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் முகத்தை வைத்தார். ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த காலேஜ் பையன்கள் இரண்டு பேர், வி.ஏ.ஓ. பொண்ணு, ஒரு சாதிச் சான்றிதழ் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டார்கள். மறுநாளிலிருந்து ஜெயசுதா பள்ளிக்குப் போகவில்லை.

பூமாலை அந்த வீடியோவை ஒரு லாரி டிரைவரின் போனில் பார்த்தார். இரண்டாவது முறையும் போடச் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, சொல்வதுதான் சொன்னாய், தாசில்தார் என்றே சொல்லியிருக்கலாமே என்று மகளிடம் கேட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவ சோறு துன்னு ரெண்டு நாளாவுது," என்றார் மனைவி பச்சையம்மாள். "நீ தமாஷ் பண்ணிக்கினு கீற."

ஜெயசுதா திரும்பாமலே ஒன்று சொன்னாள். அந்த வீடியோ போனால் பள்ளிக்குப் போவேன். இல்லாவிட்டால் மாட்டேன். பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்தெட்டு வாங்கிய பெண் அவள்.

பூமாலை மறுபடி தாளாளரைப் பார்க்கப் போனார். அறிவுச்செல்வன் எழுந்து நின்று கை குலுக்கினார். இதுவரை யாரும் பூமாலைக்குக் கை கொடுத்ததில்லை என்பதால் முதலில் எந்தக் கையை நீட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வந்த காரியத்தைச் சொன்னதும் தாளாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"மஸ்கட்டுல இருந்து ஒருத்தர், ஆறு வருசமா பேசாத அவங்கப்பாவுக்குப் போன் போட்டு அழுதிருக்காருங்க. கமெண்ட்ல போட்டிருக்காரு. உங்க பொண்ணு ஒருத்திதான் ஸ்கூலுக்கு வரல. அந்தாண்ட பதினெட்டு லட்சம் குடும்பம் ஒண்ணு சேருது. ஒரு அப்பாவா நீங்களே சொல்லுங்க, நான் யாரைப் பாக்கறது?"

எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னார். பூமாலை எழுதிக் கொடுத்தார். நான்கு நாளில் பதில் வந்தது. தங்கள் மகள் சீருடையுடன் சமூக ஊடகத்தில் தென்படுவதாகத் தாங்களே எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறீர்கள். இது நெறிமுறையின் ஒன்பதாம் பிரிவை மீறிய செயல். எனவே மாணவி, விசாரணை முடியும்வரை இடைநீக்கம் செய்யப்படுகிறார். ஒப்புக்கொண்ட நேர்மைக்குப் பள்ளி தங்களைப் பாராட்டுகிறது.

அந்தக் கடிதத்தைப் பூமாலை அப்துல் ஜப்பார் கடையில் நின்று மூன்று முறை படித்தார். புரியாததால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டார்.

"உனக்கு நல்லாத்தான் புரிஞ்சிருக்குது," என்றார் ஜப்பார். "அவன் புடிச்ச வீடியோல இவ தெரிஞ்சதுக்கு இவளுக்கு சஸ்பெண்ட். இது கொஞ்சம் ஜாஸ்தி பூமாலை."

இப்படிப்பட்ட விஷயங்களுக்கென்றே புதிதாக மாணவர் இணைய மாண்புக் குழு என்று ஒன்று இருப்பதாக ஜப்பார் கேள்விப்பட்டிருந்தார். கடை வாடிக்கையாளர்களைக் காக்கவைத்துவிட்டு அவரே மனு எழுதினார்.

குழு ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கியது. தலைவர் இருசப்பன், ஓய்வுபெற்ற அதிகாரி. தான் வாழ்நாளில் ஒரு ரீல்ஸ்கூடப் பார்த்ததில்லை என்றும், அந்த நடுநிலைக்காகவே இந்தப் பொறுப்பு தனக்கு வந்தது என்றும் விசாரணையின் தொடக்கத்திலேயே அறிவித்தார். இந்த வீடியோவையும் அவர் பார்க்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீடியோவைக் குழு பார்த்தால் அது பிள்ளைகளின் அந்தரங்கத்தில் தலையிடுவதாகிவிடும். அதனால் வீடியோவின் நீளம், தேதி, பார்த்தவர் எண்ணிக்கை ஆகியவை மட்டும் ஒரு தாளில் தட்டச்சு செய்து அவர் முன் வைக்கப்பட்டிருந்தன.

பள்ளியின் சார்பில் கலையரசன் வந்திருந்தார். வணிகவியல் ஆசிரியர், டிஜிட்டல் ஒருங்கிணைப்பாளர் என்ற கூடுதல் பொறுப்பும் அவருக்கு உண்டு. பள்ளிப் பக்கம் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று இருசப்பன் கேட்டார். கலையரசன் நோட்டைப் புரட்டி, பத்து இலக்கங்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

ஏழாவது இலக்கத்தில் பூமாலை எழுந்துவிட்டார். மீதி மூன்றையும் அவரே சொன்னார்.

"அது என் நம்பருங்க."

கலையரசன் அதை மறுக்கவில்லை. "ஆசிரியர் யாரும் வளாகத்துக்குள்ள போன் வெச்சிருக்கக் கூடாதுங்க ஐயா. உள்ள இருக்கிறது அலமாரி போன்தான். பக்கத்தப் புதுசா ஆரம்பிக்கறப்ப அம்பத்தோரு போன்ல லாக் போடாதது அது ஒண்ணுதான் இருந்திச்சி."

கலையரசன் விதியை மதித்து நடந்ததை இருசப்பன் பதிவு செய்யச் சொன்னார். இந்தக் காலத்தில் சொந்தப் போனை எடுக்காமல் அடக்கத்தோடு பணி செய்கிற ஆசிரியர்கள் அரிது என்றார். பிறகு நெறிமுறையின் பதினேழாம் பக்கத்தைப் பிரித்தார். ஒரு கணக்கு எந்த எண்ணில் இருக்கிறதோ, அந்த எண்ணுக்கு உரியவரே அதில் வருகிற எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி. கீழே பூமாலையின் கையெழுத்து, கொஞ்சம் அவசரத்தில் போட்டது.

"அப்படின்னா வீடியோவ ஏத்தினது நீங்க," என்றார் இருசப்பன்.

"நான் மரவள்ளிக் கொல்லையில இருந்தேங்க."

"எங்க இருந்தீங்கன்னு சட்டம் கேக்கல. நம்பர் எங்க இருந்துதுன்னுதான் கேக்குது."

வழக்கு அந்த நிமிடத்தில் திருத்தி எழுதப்பட்டது. மனுதாரர்: பூமாலை. எதிர்மனுதாரர்: பூமாலை. பள்ளி இதில் தொடர்பில்லாத நல்லெண்ணச் சாட்சி. இடது பக்க நாற்காலி மனுதாரருக்கு, வலது பக்க நாற்காலி எதிர்மனுதாரருக்கு. புகாரைச் சொல்லும்போது பூமாலை இடது பக்கம் உட்கார வேண்டியிருந்தது. பதில் சொல்லும்போது எழுந்து வலது பக்கம் போனார். நாலைந்து முறை போய் வந்த பிறகு நடுவிலேயே நின்றுகொள்ளட்டுமா என்று கேட்டார். குழு யார் பக்கமும் சாயாது என்பதால் நடுவில் நிற்க அனுமதியில்லை என்று பதில் வந்தது.

என் போனில் என் எண்ணில்தான் இருக்கிறதென்றால், போனைக் கொடுங்கள், நானே அழித்துவிடுகிறேன் என்றார் பூமாலை. இருசப்பன் முதல்முறையாக முகம் சுளித்தார். போன் இனி தடயம். தடயத்தை அழிக்க எதிர்மனுதாரரே முன்வருவது அவருக்கு நல்லதல்ல. இதை மனுதாரர் எதிர்க்கிறாரா என்று கேட்டார். பூமாலைக்கு எந்த நாற்காலிக்குப் போவதென்று தெரியவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. ஒரே முகவரிக்கு இரண்டு பதிவுத் தபால்கள். தபால்காரர் இரண்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினார். எதிர்மனுதாரர் பூமாலை, மனுதாரர் பூமாலையிடம் பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனுதாரர் திருப்தியடைந்ததாகத் தெரிவித்தால் வீடியோவை நீக்குவது குறித்துக் குழு பரிசீலிக்கும். மாணவியின் இடைநீக்கம் அதுவரை தொடரும்.

பூமாலை உண்மையிலேயே மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'மதிப்பிற்குரிய பூமாலை அவர்களுக்கு' என்று எழுதிவிட்டு, அடுத்த வரி வராமல், தாளை எடுத்துக்கொண்டு ஜப்பாரிடம் வந்தார். ஜெயசுதாவையும் கூட்டி வந்திருந்தார். வீட்டிலேயே கிடக்கிறாளே என்று.

ஜப்பார் உத்தரவைப் படித்தார். அன்று கடையில் அவர் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை.

"இது உன் நம்பர்னு அவனுங்களே முத்திரை குத்திக் கொடுத்துட்டானுங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்ளோ அலைய வேணாம். ஆதார் கொண்டாந்திருக்கியா?"

ஆதாரைக் காட்டி, விரல் வைத்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்க ஒரு மணி நேரம் ஆனது. அது உயிர்பெற்று வர இன்னும் மூன்று மணி நேரம். ஜப்பார் அதைத் தன் போனில் போட்டு, பள்ளிப் பக்கத்தைத் திறக்கக் கேட்டார். எண்ணுக்கு ஓ.டி.பி. வந்தது. அடுத்த நொடி வெண்குடை மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியின் பக்கம், பூமாலையின் உள்ளங்கையில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோக்கள். எல்லாவற்றிலும் பிள்ளைகள். முக்கால்வாசியில் அழுதுகொண்டிருந்தார்கள்.

"மொத்தத்தையும் தூக்கிடலாமா?" என்று ஜப்பார் கேட்டார்.

பூமாலை யோசித்தார். "மத்தது மத்தவங்க புள்ளைங்க பாய். அவங்களக் கேக்காம நாம எப்படி."

இவ்வளவு நாள் நடந்த இந்த விவகாரத்தில் யாரையாவது கேட்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆனால் அதைப் பதிவு செய்ய அங்கே குழு இல்லை.

போனை மகளிடம் நீட்டினார். ஜெயசுதா அந்த ஒரு வீடியோவைத் தேடி எடுத்தாள். ஓடவிடவில்லை. நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. அவள் அழுத்தினாள். குத்துப்பாட்டும் நாயும் வேறு வேறு ஆட்களின் பக்கங்களில் அப்படியேதான் இருந்தன; அவற்றுக்குக் கைக்கெட்டுகிற பொத்தான் எதுவும் இல்லை. அன்று ராத்திரி அவள் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதாகப் பச்சையம்மாள் பக்கத்து வீட்டில் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மகளோடு உடனே வரச் சொன்னார்கள். கலையரசன் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். அறிவுச்செல்வன் இந்த முறை எழுந்திருக்கவில்லை.

"பள்ளியோட சொத்த அழிச்சிட்டீங்க."

"அது என்னுதுன்னுதானுங்களே உத்தரவுல போட்டிருக்குது."

"போட்டது நீங்க. ஓடினது எங்களுது." தாளாளர் தண்ணீர் குடித்தார். போலீசில் புகார் கொடுக்க முடியும் என்றார். கொடுத்தால் அந்தப் பக்கம் தங்களுடையது என்று பள்ளி எழுதித் தர வேண்டியிருக்கும் என்பதால், பெருந்தன்மையாக விட்டுவிடுவதாகவும் சொன்னார். அதன் பிறகு குரல் கனிந்தது. ஜெயசுதாவை உட்காரச் சொன்னார்.

"இடைநீக்கம் இன்னைக்கே ரத்து. வராத நாளுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் போட்டுடலாம். வெள்ளிக்கிழம அந்த சேலத்து சார் திரும்ப வர்றாரு. நீ மேடையில அதையே ஒரு தடவ சொல்லணும், அவ்ளோதான். போன தடவ லைட்டு சரியில்ல. கொஞ்சம் முகத்தத் தூக்கி வெச்சிக்க."

ஜெயசுதா அப்பாவைப் பார்த்தாள். பூமாலை கலையரசன் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது தன் கையெழுத்துதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"எனக்கு இப்ப அழுவ வராது சார்," என்றாள்.

தாளாளர் கோபப்படவில்லை. அவர் யாரையும் வற்புறுத்துகிறவர் அல்ல.

"பரவால்லம்மா. நீ அழ வேணாம். உன் கிளாஸ்ல யாராச்சும் இருப்பாங்கல்ல, இந்த மாதிரி வூட்டுக் கதை இருக்கிற பொண்ணு? பேர மட்டும் சொல்லிட்டு நீ நேரா கிளாசுக்குப் போலாம். நீதான் சொன்னேன்னு வெளிய வராது. மாணவரோட அந்தரங்கத்தக் காப்பாத்தறது நம்ம நெறிமுறையில ஏழாவது பக்கம்."

கலையரசன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பிப் பேனாவின் மூடியைக் கழற்றினார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து பிளஸ் ஒன் பிள்ளைகள் ஏதோ சூத்திரத்தைச் சேர்ந்து சொல்கிற சத்தம் கேட்டது. ஜெயசுதா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

"யாரையும் தெரியாது சார்."

"யோசிச்சி சொல்லு."

"தெரியாது சார். டி.சி. குடுத்துடுங்க."

வெண்குடையில் மாற்றுச் சான்றிதழ் வாங்க மூன்று வாரம் ஆகும். ஜெயசுதாவுக்கு ஒன்பது நிமிடத்தில் தயாரானது. விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதியிருந்தார்கள். பூமாலை அதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். தனி வரிசை பற்றி யாரும் பேசவில்லை.

வெளியே வந்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தபடி கேட்டார். "நெசமாவே யாரையும் தெரியாதாம்மா?"

"வீடியோ வந்தப்புறம் நம்ம வூட்டுக்கு வந்து ஒவ்வொருத்தியா சொல்லிட்டுப் போனாளுங்க," என்றாள் ஜெயசுதா. "யாரு அப்பா ஓடிப்போனாரு, யாரு அம்மா எங்க வேல செய்யுது. எல்லாரு கதையும் தெரியும்ப்பா."

கம்பி கேட்டுக்கு உள்ளே கலையரசன் நோட்டை எடுத்துக்கொண்டு பிளஸ் ஒன் வகுப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஜெயசுதா அவர் படியேறுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அரசுப் பள்ளி அலுவலகத்தை நாலு மணிக்குச் சாத்திவிடுவார்கள் என்று சொல்லி, பூமாலை அவளை வண்டியில் ஏறச் சொன்னார்.